அப்பாவின் பாம்புக் காது

ஒன்பது வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. ஜெனரேட்டர் என்ன சத்தம் போடுகிறது என்று கேட்டு அப்பாவிடம் சொல்வது. சம்பளம் நாளுக்கு இரண்டு தேன்மிட்டாய். இப்போது என்னோடு ஆபீசில் வேலை பார்க்கிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஜெனரேட்டர் சத்தம் நாலு தெருவுக்குக் கேட்குமே, அதைக் கேட்டுச் சொல்ல ஒரு ஆள் வேறு வேண்டுமா என்கிறார்கள். நியாயமான கேள்விதான். நாலு தெருவுக்குக் கேட்ட அந்தச் சத்தத்தில் பாதி என் அப்பாவுக்குக் கேட்காது.

அது எனக்குத் தெரியும். அது வெளியே சொல்லக்கூடாத விஷயம் என்பதுதான் தெரியாது.

திருப்பூரில் கரண்ட் பாதி நாள் இல்லாத காலம் அது. கரண்ட் போன அடுத்த நிமிடம் தெருத் தெருவாக ஜெனரேட்டர்கள் எழுந்துகொள்ளும். நல்லூரில் நாற்பது மிஷின் ஓடிய ஒரு பனியன் கம்பெனியில் அப்பா ஜெனரேட்டர் ஆபரேட்டர். அம்மா அதே கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றாள். எங்கள் வீடு அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு லைன் வீடு. பள்ளிக்கூடம் கம்பெனிக்குப் பக்கம். அதனால் மணி அடித்ததும் நேராகக் கம்பெனிக்குப் போய், பின்பக்கம் தகரம் வேய்ந்த ஜெனரேட்டர் ரூமில் ஒரு டீசல் கேன் மேல் உட்கார்ந்துகொள்வேன். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆட்கள் பார்வையிட வருகிற நாளில் மட்டும் என்னை எதிர் டீக்கடையில் உட்காரவைத்து ஒரு பன் வாங்கிக் கொடுப்பார்கள். சின்னக் குழந்தைகள் கம்பெனிக்குள் இருக்கக் கூடாது என்று சட்டமாம். எனக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடிக்கும்.

அந்த என்ஜின் புதிதல்ல. ஏதோ ஒரு லாரியில் பல லட்சம் மைல் ஓடிக் களைத்த என்ஜினை இறக்கி, இரும்புச் சட்டத்தில் ஏற்றி, டைனமோ கோத்து ஜெனரேட்டர் ஆக்கியிருந்தார்கள். அப்படிப்பட்ட என்ஜினைச் சும்மா சாவி போட்டு ஓட்ட முடியாது. தினம் விசாரிக்க வேண்டும். அப்பா காலையில் வந்ததும் ஆயில் கம்பியை உருவித் துடைத்து அளவு பார்ப்பார். ஊரே எதைத் துடைக்கவும் பனியன் வேஸ்ட்டைத்தான் எடுக்கும், அது காசில்லாமல் காலடியில் கிடக்கிறது. அப்பா மட்டும் அம்மாவின் பழைய சேலைத் துணியை வைத்திருந்தார். பனியன் துணி நூல் உதிர்க்கும், ஆயிலுக்குள் நூல் போனால் அது போய் நிற்கிற இடம் நல்ல இடமாக இருக்காது என்பார். பிறகு டீசல் ஃபில்டரின் அடித் திருகைச் சற்றே திறந்து, கீழே தங்கிய தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்துக் கொட்டுவார். டேங்க்கை ஒருநாளும் அடிவரை வற்ற விடமாட்டார். வற்றினால் குழாயில் காற்றுப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஒவ்வொரு நட்டாகத் தளர்த்திக் காற்றை வெளியேற்றிக்கொண்டு அரை நாள் உட்கார வேண்டும். ரேடியேட்டர் சூடானால் எல்லாரும் தண்ணீர் ஊற்ற ஓடுவார்கள். அப்பா டார்ச் அடித்து அதன் சல்லடைக் கண்களைத்தான் பார்ப்பார். கட்டிங் ரூமிலிருந்து பறக்கிற பஞ்சு அதில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். திருப்பூரில் என்ஜின்கள் தாகத்தால் கெடுவதைவிட மூச்சுமுட்டிக் கெடுவதுதான் அதிகம்.

புகையைப் பார்த்தும் சொல்வார். கறுப்பாக வந்தால் காற்றுப் போதவில்லை, இல்லை சுமை கூடிப்போனது. ஓட ஓட வெள்ளையாகவே வந்தால் டீசல் எரியவில்லை, இல்லை தண்ணீர் கலந்திருக்கிறது. நீலமாக வந்தால் ஆயிலே எரிகிறது, முதலாளிக்கு வயிறும் எரியப் போகிறது. கண்ணும் உள்ளங்கையும் மூக்கும் அவருக்கு அவ்வளவு சுத்தம். காதுதான் துரோகம் செய்துவிட்டது. பத்து வருடம் அந்தத் தகர ரூமில், எதையும் வைத்து அடைக்காத காதோடு நின்றதற்கு என்ஜின் கொடுத்த பரிசு அது. கனத்த சத்தம் எல்லாம் கேட்கும். மெலிந்த சத்தம் மட்டும் போய்விட்டது. காது போன ஆபரேட்டரை எந்தக் கம்பெனியும் வைத்துக்கொள்ளாது. அதனால் அவர் யாரிடமும், அம்மாவிடம்கூட, சொல்லவில்லை. இதெல்லாம் நான் பின்னால் சேர்த்து வைத்துப் புரிந்துகொண்டது.

என் உத்தியோகம் ஒரு மத்தியானத்தில் தொடங்கியது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட் காதைக் கிழிக்கிற மாதிரி கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அப்பா பக்கத்திலேயே நின்று நிதானமாக டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் காதைப் பொத்திக்கொண்டு அவர் முன்னால் போய், “கீச்சுன்னு கத்துதுப்பா” என்று கத்தினேன். அவர் என் வாயையே பார்த்தார். அந்த ரூமில் யாரும் யார் பேச்சையும் காதால் கேட்பதில்லை, வாயைப் பார்த்துத்தான் எல்லாருக்கும் பேச்சு. அவர் கேனைக் கீழே வைத்துவிட்டு என்னை ரொம்ப நேரம் பார்த்தபடி நின்றார். கரண்ட் வந்து என்ஜினை நிறுத்தியதும் பெல்ட்டைப் பெருவிரலால் அமுக்கினார். அரை இஞ்ச் இறங்க வேண்டியது ஒன்றரை இஞ்ச் இறங்கியது. இழுத்துக் கட்டிவிட்டு, டீக்கடைக்குப் போய் இரண்டு தேன்மிட்டாயோடு வந்தார்.

அடுத்த நாளிலிருந்து அவரே கேட்க ஆரம்பித்தார். “என்ன கண்ணு, இன்னைக்கு உங்க அண்ணன் என்ன சொல்றான்?” எனக்கு அண்ணன் கிடையாது. என்ஜினைத்தான் அப்படிச் சொல்வார். நானும் ஒவ்வொரு பக்கமாகப் போய் நின்று கேட்டு வந்து சொல்வேன். இந்தப் பக்கம் டிக் டிக் என்கிறது, அந்தப் பக்கம் பாம்பு மாதிரி உஸ் என்கிறது. அவர் அந்த இடத்தில் கை வைத்துப் பார்ப்பார், ஸ்பானரை எடுப்பார். நான் அதை விளையாட்டு என்றே நினைத்தேன். யாருகிட்டயும் சொல்லாதே கண்ணு என்று அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஒன்பது வயதுப் பெண்ணிடம் அப்படிக் கேட்க அவருக்கு வெட்கமாக இருந்திருக்கும். அந்த வெட்கத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

வீட்டில் அம்மா தினமும் சண்டை போட்டாள். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை. “ஏனுங்க, நானும் தொண்டை கிழியக் கூப்படறேன், காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கறீங்க?” என்பாள். அப்பா சிரிப்பார். எதற்கும் சிரிப்பதென்று அந்த வருடம் அவர் முடிவு செய்திருந்தார். மற்றவர்கள் சிரித்தால் கூடச் சிரிப்பார், யாராவது ஏதாவது கேட்டால் தலையாட்டிச் சிரிப்பார். புருஷனுக்கு மண்டைக்கனம் ஏறிவிட்டது என்று அம்மா செக்கிங் டேபிளில் குறைபட்டுக்கொண்டாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் கேன் மேல் உட்கார்ந்ததும் புதிதாக ஒரு சத்தம். கொசு காதோரம் வந்து போகிற மாதிரி மெல்லிய ஒரு இழை, விட்டு விட்டு. அப்பாவிடம் சொன்னேன். அவர் டார்ச்சோடு சுற்றிச் சுற்றி வந்தார், கை வைத்துப் பார்த்தார், ஒன்றும் தட்டுப்படவில்லை. “நெசமாத்தானா கண்ணு?” என்றார். “நெசமாத்தாம்ப்பா, கொசு மாதிரி.” என்ஜின் நின்றதும் என்னையே கூட்டிப் போய், எந்த இடம் என்று காட்டச் சொன்னார். நான் முன்பக்கம் ஃபேனைக் காட்டினேன். அவர் ஃபேன் இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். ஆடக் கூடாதது ஆடியது. அடியில் விரலைத் தடவிப் பார்த்தால் ஈரம். வாட்டர் பம்ப் பேரிங் போய்விட்டிருந்தது.

அந்த வாரம் கம்பெனியில் ஒரு பெரிய ஷிப்மென்ட். ஓடுகிறபோது பம்ப் இறுகியிருந்தால் பெல்ட் அறுந்து, தண்ணீர் ஓட்டம் நின்று, என்ஜின் தலையே வெடித்திருக்கும். மறுநாள் காலையில் கரண்ட் இருந்த நேரத்திலேயே அப்பா பம்ப்பை மாற்றி முடித்துவிட்டார். கழற்றிய பேரிங்கை முதலாளி உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். முழுசாக உடையாத ஒரு பேரிங்கின் சத்தத்தை நாற்பது மிஷின் இரைச்சலுக்கு நடுவே கேட்ட மனிதன் என்று அப்பாவின் பேர் பரவியது. பாம்புக் காது என்றார்கள். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள்கூட அவரைக் கூப்பிட்டுப் போய் தங்கள் ஜெனரேட்டர் பக்கம் நிறுத்தினார்கள். அவரும் போய் நின்று, கையை வைத்து, புகையைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு வந்தார். எனக்கு வழக்கம் போல இரண்டு தேன்மிட்டாய்தான். எனக்கு மனசு ஆறவில்லை.

ஆயுத பூஜை வந்தது. மிஷின்களை எல்லாம் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தோம். ஜெனரேட்டருக்குப் பொட்டு வைத்தது நான். மாலையை ரேடியேட்டர் மேல் போட்டால் காற்று அடைபடும் என்று பூஜை நாளிலும் அப்பா விடவில்லை, ஓரமாகத் தொங்கவிட்டார். பூஜை முதலில் மிஷின்களுக்கு, கடைசியாக ஜெனரேட்டருக்கு. தகர ரூம் வாசலில் கம்பெனியே திரண்டு நின்றது. கரண்ட் இருந்தது, ஒரு மிஷினும் ஓடவில்லை. அவ்வளவு அமைதியில் அந்த இடத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. மணி அடித்து தீபம் காட்டியபோது எல்லாரும் கும்பிட்டார்கள். அப்பா அவர்களைப் பார்த்துவிட்டு ஒரு நொடி தாமதமாகக் கும்பிட்டார்.

முதலாளி தட்டில் ஒரு வேட்டி சட்டையை எடுத்து வைத்தார். “இந்த வருசம் ஒரு கண்டெய்னர்கூட லேட்டாகுலீங்க. அதுக்குக் காரணம் நம்ம ஜெனரேட்டர்காரருதான். பாம்புக் காதுங்க இவருக்கு. கொசு கத்துனாப்பல சத்தம்னு எங்கிட்ட வந்து சொன்னாரு, எனக்கு ஒரு எழவும் கேக்கல” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா தட்டை வாங்க இரண்டு கையையும் நீட்டினார்.

நான் பொரியைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்தேன்.

“அது நாங் கேட்டதுங்க மொதலாளி! கொசுன்னு சொன்னதே நாந்தானுங்க. சின்னச் சத்தமெல்லாம் எங்கப்பாவுக்குக் கேக்காதுங்க. தெனமும் நாந்தான் கேட்டுச் சொல்லுவேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். குழந்தை பொறாமையில் பேசுகிறது என்றுதான் முதலில் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். முதலாளியும் சிரித்தார். நான் முதலாளியைப் பார்த்து நின்று சொன்னேன், அப்பாவுக்கு என் பின்தலைதான் தெரிந்திருக்கும். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அப்பாவும் சிரித்தார். அவர் மட்டும் அப்படிச் சிரித்திருக்காவிட்டால் அது அதோடு போயிருக்கும். மகள் அத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்குகிறாள், இந்த ஆள் எதற்கு இவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கிறான் என்று முதலாளிக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் சிரிப்பு நின்றது.

பூஜைத் தட்டிலிருந்த மணியை எடுத்துக்கொண்டு அவர் அப்பாவுக்குப் பின்னால் போனார். மெதுவாக ஆட்டினார். கடைசி வரிசையில் நின்ற பெண்கள் வரை எட்டிப் பார்த்தார்கள். அப்பா சிரித்த முகத்தோடு எங்களைப் பார்த்து நின்றார். இன்னொரு தடவை ஆட்டினார், தலைக்குப் பக்கத்தில். யாரும் சிரிக்கவில்லை. யாரும் சிரிக்காததைக் கண்டு அப்பா சிரிப்பை நிறுத்தினார். பிறகு எங்கள் கண்கள் எங்கே பார்க்கின்றன என்று கவனித்து மெல்லத் திரும்பினார். மணி இன்னும் முதலாளி கையில் ஆடிக்கொண்டிருந்தது.

“எத்தனை நாளா?” என்றார் முதலாளி, அவர் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி.

“ரெண்டு வருசமாச்சுங்க.”

முதலாளி கெட்டவர் அல்ல. அவரைத் திட்டி இந்தக் கதையைச் சுலபமாக முடித்துவிடலாம், ஆனால் அது பொய். அவர் எல்லாரையும் போகச் சொல்லிவிட்டு அப்பாவின் தோளில் கை வைத்தார். “ஏப்பா, நாளைக்கு ஒருத்தன் கை பெல்ட்டுக்குள்ள போயி அவன் அலறுனா உனக்குக் கேக்கோணுமல்ல? உன்னைய அனுப்ப மாட்டேன். செக்கிங் டேபிள்ல உக்காந்துக்க. இந்த ரூமு வேண்டாம்” என்றார். அப்பா “சரிங்க” என்றார். வேட்டி சட்டையை அவர் கையில் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். சாவியை ஆணியில் மாட்டினார். அம்மா சுவரோரம் நின்று வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டிருந்தாள். “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமல்லங்க” என்றாள். அவளும் அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றுதான் அதைச் சொன்னாள்.

அவர் அதற்குப் பிறகு பதினோரு வருடம் அந்த டேபிளில், பெண்களுக்கு நடுவே, பனியனில் பிசிறு நூல் வெட்டினார். கரண்ட் போகும்போதெல்லாம் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, டேபிள் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொள்வாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அதன் பிறகு கம்பெனிப் பக்கம் போகவில்லை.

போகாததற்குக் காரணம் அன்றைக்குச் சாயந்தரம் நடந்தது. அம்மா பாத்திரம் கழுவ நின்றுவிட்டாள், கம்பெனி வேனில் வருவதாகச் சொன்னாள். அப்பா என்னை மொபெட்டில் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பினார். வேட்டி சட்டைப் பொட்டலம் என் மடியில் இருந்தது. நான் செய்தது தப்பு என்று தெரிந்தது, எவ்வளவு பெரிய தப்பு என்று தெரியவில்லை. அவர் எப்போது திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. காங்கயம் ரோட்டில் ஏறியதும் அவர் முதுகைப் பார்த்து, “அப்பா, நான் வேணும்னு சொல்லலப்பா” என்றேன். அவர் பேசவில்லை. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னேன். எங்கள் ஊருக்குத் திரும்புகிற இடத்தில் அழுதுகொண்டே, “இனி யாருகிட்டயும் சொல்ல மாட்டேம்ப்பா, உம்மேல சத்தியமாப்பா” என்றேன். அவர் தோளைக்கூட அசைக்கவில்லை. முன்னால் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே இருந்தார். அவ்வளவு கோபத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. எனக்கும் கோபம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி என்னைத் தூக்கி இறக்கினார். குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

“ஏங்கண்ணு, வழி நெடுக ஒரு வார்த்தைகூடப் பேசாமயே வந்துட்ட? அப்பா மேல கோவமா?”

மூன்று தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டேன், ஒன்றும் கேட்காத மாதிரி நடிக்கிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொட்டலத்தை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். இனி இந்த ஆளிடம் மன்னிப்பே கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவை அவர் இருந்தவரை காப்பாற்றியும் விட்டேன். அன்று காலையில் அத்தனை பேர் முன்னால் நின்று, சின்னச் சத்தமெல்லாம் எங்கப்பாவுக்குக் கேட்காது என்று சொன்னவள் நான்தான். என் குரலும் ஒரு சின்னச் சத்தம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.